ஒரே குண்டு, இரண்டு கட்சி

குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைத் திணித்துச் சுடும் துப்பாக்கியை நாம் நாட்டுத் துப்பாக்கி என்போம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னால் வந்த திருத்தங்களும் வேட்டைக்குக் கதவடைத்துவிட்டன. அமெரிக்காவிலோ மான் வேட்டை, மாநில அரசே உரிமம் கொடுத்து, நாள் குறித்து நடத்தும் காரியம். பல மாநிலங்களில் வில்லுக்கு ஒரு பருவம், ரைஃபிளுக்கு ஒரு பருவம், வாய்வழித் துப்பாக்கிக்குத் தனியாக ஒரு பருவம். இந்தக் கடைசிப் பருவத்தில் எந்தத் துப்பாக்கியைச் சேர்ப்பது என்பதில்தான் வேட்டைக்காரர்கள் பல ஆண்டுகளாக இரண்டு கட்சியாக நிற்கிறார்கள்.

பழைய கட்சியின் கையில் இருப்பது சக்கிமுக்கித் துப்பாக்கி. 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் சேர்ந்த கரிமருந்தை அளந்து குழலுக்குள் கொட்ட வேண்டும். கொழுப்புத் தடவிய சிறு துணித்துண்டில் ஈய உருண்டையை வைத்து, நீண்ட கோலால் மருந்தின்மேல் இறுக அழுத்த வேண்டும். குழலுக்குள் சுழன்று ஓடும் வரிப்பள்ளங்களைப் பற்றி உருண்டையைச் சுழல வைப்பது அந்தத் துணிதான். வெளியே, குழலின் பக்கத்தில் உள்ள சிறு கிண்ணத்தில் பொடி மருந்து ஒரு சிட்டிகை. விசையை இழுத்தால் குதிரை கவ்வியிருக்கும் கல் எஃகுத் தகட்டில் உரசித் தீப்பொறி கொட்டும். கிண்ணத்து மருந்து பற்றும். அந்தத் தீ பக்கத்துளை வழியாக உள்ளே போன பிறகே வெடி. கண்ணெதிரே தீ எழும்போதும் கை அசையாமல் குறியைப் பிடித்திருக்க வேண்டும். தூறல் பட்டுக் கிண்ணத்து மருந்து நமுத்துவிட்டால் வெறும் ‘டிக்’ சத்தம்தான், மான் போய்விடும். அதனால்தான் மழைநாளில் குதிரையும் கிண்ணமும் மூடும்படி தோலுறை கட்டிக்கொண்டு போகிறார்கள். உருண்டைக் குண்டை நம்பிச் சுடத் தக்க தூரம் 90 மீட்டருக்குள். இரண்டாவது குண்டை நிரப்பும் வரை மான் காத்திருக்காது.

இந்தச் சங்கடத்தை முதலில் குறைத்தவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத். கிண்ணத்தில் எழும் தீயைக் கண்டு பறவைகள் பறந்துவிடுகின்றன என்று, அடித்தால் வெடிக்கும் உப்பைப் பயன்படுத்தும் முறையைக் கண்டுபிடித்து 1807-இல் காப்புரிமை பெற்றார். கேப்பு வைத்துச் சுடும் துப்பாக்கி அந்த வழியில் பிறந்தது. பெரிய பாய்ச்சல் 1985-இல் வந்தது. டோனி நைட் என்ற துப்பாக்கிக் கம்மியர், மகளின் பெயரெழுத்துகளைச் சேர்த்து ‘எம்கே-85’ என்ற துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இதில் தீ பக்கவாட்டில் வளைந்து போவதில்லை. மருந்துக்கு நேர் பின்னாலிருந்து பாய்கிறது; இதுதான் நேர்த்தீ அமைப்பு. அடுத்தடுத்து, அளந்து கொட்டத் தேவையில்லாத மருந்து வில்லைகள், பிளாஸ்டிக் உறைக்குள் கூர்முனைக் குண்டு, மேலே தொலைநோக்கி எல்லாம் சேர்ந்தன. பழகிய கைக்கு 200 மீட்டர் இப்போது எட்டும் தூரம். 2020-இல் வந்த ‘ஃபயர்ஸ்டிக்’ இன்னும் ஒரு படி மேலே போனது: குண்டு மட்டும் வாய்வழி, மருந்து அடைத்த பிளாஸ்டிக் குப்பி பின்பக்கமாகப் போகிறது. இதையும் வாய்வழித் துப்பாக்கிப் பருவத்தில் அனுமதிப்பதா என்று பல மாநிலங்கள் தனித்தனியே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

பழைய கட்சி சொல்வது இதுதான்: துப்பாக்கியின் குறைகளை முன்னிட்டுத்தான் தனிப் பருவம் கிடைத்தது; குறைகளைக் களைந்துவிட்டு, சலுகையை மட்டும் வைத்துக்கொள்வது எப்படி? புதிய கட்சியின் பதிலும் லேசானதல்ல. நமுத்த மருந்தும் மங்கலான குறியும் மானைக் காயப்படுத்திக் காட்டுக்குள் ஓடவிடும். கண்பார்வை குறைந்த முதியவருக்குத் தொலைநோக்கி இல்லாவிட்டால் வேட்டையே இல்லை. காயப்பட்ட விலங்கைப் பற்றிய அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் தொலைநோக்கி வந்ததும் மனிதர் அதே தூரத்தில் நின்று நன்றாகச் சுடுவதோடு நிற்பதில்லை; இன்னும் தூரத்திலிருந்து சுடப் பார்க்கிறார். தூரம் கூடினால் குண்டு தவறான இடத்தில் படும் வாய்ப்பும் கூடுகிறது.

மாநிலங்களின் விதிகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. ஐடஹோவில் இந்தப் பருவத்துக்குத் தொலைநோக்கியும் வில்லை மருந்தும் பிளாஸ்டிக் உறையும் கூடாது. தீ பற்றும் இடம் மழைக்கும் காற்றுக்கும் திறந்திருக்க வேண்டும். கொலராடோ நேர்த்தீ அமைப்பை ஏற்கிறது, ஆனால் வில்லை மருந்தையும் பிளாஸ்டிக் உறையையும் ஏற்பதில்லை. யூட்டா 2016-இல் உருப்பெருக்கும் தொலைநோக்கியை அனுமதித்தது. 2024 முதல் மறுபடி தடுத்துவிட்டது. நியூ மெக்சிகோ அதற்கு ஓராண்டு முன்பே, 2023-இல் தடுத்தது. ஒருமுறை கொடுத்ததைத் திரும்ப வாங்குவது வேட்டைத் துறைகளுக்கு எளிதல்ல. ஆனாலும் செய்தார்கள் என்றால் காரணம் உண்டு: வேட்டையில் வெற்றி கூடினால், மந்தையைக் காக்க உரிமங்களைக் குறைத்தாக வேண்டும். அப்போது காட்டுக்குப் போக முடியாமல் வீட்டில் உட்காருவது இரண்டு கட்சிக்காரரும்தான்.

பென்சில்வேனியா நல்ல வழி கண்டது. அங்கே 1974-இல் தொடங்கிய சக்கிமுக்கிப் பருவம் இன்றும் கிறிஸ்துமஸுக்குப் பிறகு, குளிரில் நடக்கிறது. கல் உரசித் தீப்பிடிக்கும் துப்பாக்கிக்கே அனுமதி. கேப்பும் நேர்த்தீயும் தொலைநோக்கியும் வைத்திருப்பவர்களுக்கு அக்டோபரில் கொம்பில்லாத மானுக்கென்று தனி நாட்கள் உண்டு. இரண்டு துப்பாக்கிக்கும் இடம் இருக்கிறது; ஒன்றின் பருவத்தை மற்றொன்று தின்பதில்லை. மற்ற மாநிலங்களும் இப்படிப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 200 மீட்டரிலிருந்து சுட விரும்புகிறவர்களுக்கு ரைஃபிள் பருவம் இருக்கவே இருக்கிறது.