மல்லிகை சென்ட்: மூடியில் மணப்பது வேறு, மேனியில் மணப்பது வேறு

தீபாவளி நெருங்கும்போது நமது மளிகைக் கடைகளின் முன்வரிசையில் நல்லெண்ணெய், சீயக்காய்த் தூளுக்குப் பக்கத்தில் சென்ட் பாட்டில்களும் இடம் பிடித்துக்கொள்கின்றன. சில்லறை வியாபாரிகள் பலர் இன்று இந்தச் சரக்கை வைத்து விற்கிறார்கள். இதில் வருகிற புகாரும் பெரும்பாலும் ஒன்றுதான். "கடையில் முகர்ந்தபோது ஒரு வாசம், வீட்டுக்குப் போனால் வேறு வாசம்" என்று வாடிக்கையாளர் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறார். நாம் மாற்றுச் சரக்கைத் தள்ளிவிட்டோம் என்றே அவர் எண்ணுகிறார்.

பல நேரங்களில் சரக்கில் பழுது இருப்பதில்லை. சென்ட் என்பது மேனியில் பட்ட பிறகு மணிக்கு மணி மாறும் பொருள். மல்லிகை சென்டில் இந்த மாற்றம் நன்றாகவே தெரியும். குளிர்காலத்துக்கென்று கனமாகக் கூட்டப்படும் மல்லிகை சென்டில் இன்னும் அதிகம் தெரியும். இதை விற்பவர் அறிந்து வாங்குபவருக்கு எடுத்துச் சொன்னால் புகார் குறையும், நம்பிக்கை கூடும்.

பூவிலிருந்து பாட்டிலுக்கு

வாசனைத் தொழிலில் இரண்டு மல்லிகைகள் முக்கியமானவை. ஒன்று நாம் குண்டுமல்லி என்று சொல்வது. மதுரை மல்லி இந்த இனந்தான். 2013ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்றொன்று தென்மாவட்டங்களில் பிச்சி என்றும், கோவை, சத்தியமங்கலம் பக்கம் சாதிமல்லி என்றும் வழங்கும் பூ. பிரான்ஸ் நாட்டின் தென்பகுதியில் உள்ள கிராஸ் நகரம் வாசனைத் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே பயிராவதும் இந்தச் சாதிமல்லியே. ஆகஸ்டில் தொடங்கி அக்டோபர் வரை, அதாவது அவர்களது இலையுதிர் காலம் வரை, விடியற்காலையில் பூப்பறிப்பு நடக்கும்.

மல்லிகையைத் தாழம்பூ, ரோஜா போலக் கொதிநீராவியில் வாட்டினால் வாசம் கெட்டுவிடும். ஆகவே ஹெக்சேன் என்னும் கரைப்பானில் பூவை ஊறவைத்து மணத்தை இறக்குகிறார்கள். முதலில் மெழுகு போன்ற ஒரு பொருள் கிடைக்கும். அதைச் சாராயச் சத்தில் கழுவி மெழுகை நீக்கினால் சுத்தமான சாரம் வரும். ஒரு கிலோ சாரத்துக்குச் சுமார் 700 கிலோ அல்லது அதற்கு மேலும் பூ வேண்டும். நமது திண்டுக்கல், கோவை, சத்தியமங்கலம் வட்டாரங்களில் விளையும் பூவும் சென்ட் ஆலைகளுக்குப் போய், சாரமாகி, பிரான்ஸ் உள்ளிட்ட வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. சந்தையில் பூ விலை சரியும் நாட்களில் விவசாயிக்குக் கைகொடுப்பது இந்த ஆலைக் கொள்முதல்தான்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் ஒன்று விளங்கும். சிறிய விலையில் விற்கும் பாட்டிலில் பூவின் சாரம் நிறைந்திருக்க வழியில்லை. பாரிசில் 1930ஆம் ஆண்டு வெளிவந்த ஜாய் என்னும் சென்டின் ஒரு சிறு பாட்டிலுக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மல்லிகைப் பூக்கள் வேண்டும் என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். ஆலையில் கூட்டிய வாசனைப் பொருள்களில் செய்த மல்லிகை சென்டைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. 1966ஆம் ஆண்டு வந்த ஓ சோவாஜ் என்னும் புகழ்பெற்ற சென்ட்டுக்கு உயிர் கொடுத்ததே ஹெடியோன் என்ற ஆலைப் பொருள்தான். அதற்கு மல்லிகையைப் போன்ற இலேசான மணம். ஆனால் அதைப் "பூவிலிருந்து பிழிந்தது" என்று சொல்லி விற்பது மட்டும் கூடாது.

மல்லிகை மணத்தில் என்ன இருக்கிறது?

மல்லிகை மணம் ஒரே பொருளின் மணம் அன்று. பல பொருள்கள் சேர்ந்த கூட்டு. மளிகைக்காரருக்கு இதை விளங்கவைப்பது எளிது. அதில் லினலூல் என்ற பொருள் உண்டு. நாம் மூட்டை மூட்டையாக விற்கும் கொத்தமல்லி விதையின் மணத்துக்கு முக்கிய காரணமும் அதுவே. கிராம்பின் காரமான மணத்துக்குக் காரணமான யூஜினால் சாதிமல்லியில் சிறிதளவு இருக்கிறது. பென்சைல் அசிடேட் என்பது பழுத்த வாழைப்பழத்தை நினைவூட்டும் இனிப்பு மணம். குண்டுமல்லியில் இவற்றோடு திராட்சை போன்ற ஒரு வாடையும் கலந்திருக்கும்.

இவற்றுக்கெல்லாம் அடியில் இன்டோல் என்று ஒன்று உண்டு. தனியாக முகர்ந்தால் அந்துருண்டை போலவும், அளவு மிஞ்சினால் நாற்றமாகவும் இருக்கும். ஆனால் சிறிதளவு சேரும்போதுதான் மல்லிகைக்கு அந்த மயக்கும் கனம் வருகிறது. மாலையில் தலையில் வைத்த சரம் மறுநாள் காலை வாடியபின் ஒரு கனத்த வாடை வீசுமே, அதை நினைத்துக்கொண்டால் இன்டோலின் குணம் புரிந்துவிடும்.

கூதிர்கால மல்லிகை

கோடையில் விற்கும் மல்லிகை சென்ட் எலுமிச்சை, ஆரஞ்சு, பச்சிலை வாசங்களோடு இலேசாக இருக்கும். மேல்நாடுகளில் இலையுதிர் காலம் வந்ததும் விரும்பப்படுவது வேறு வகை. குளிர்ந்த காற்றில் வாசம் மெல்லத்தான் எழும். ஆகையால் அதே மல்லிகைக்கு அடியில் சந்தனம், வனிலா, பச்சோலி, சாம்பிராணி வகைப் பிசின்கள் ஆகியவற்றைக் கொடுத்து, மேலே ஏலம், கிராம்பு போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். நமது ஊரில் இலை உதிர்வதில்லை என்றாலும் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரக் குளிருக்கு இந்தக் கனமான கூட்டு பொருத்தமாக இருக்கிறது. மார்கழிப் பனியில் குண்டுமல்லி வரத்துக் குறைந்து, சந்தையில் விலை ஏறி நிற்கும் நாட்களிலும் மல்லிகை மணம் வேண்டும் என்பவர்கள் இதைத்தான் நாடுகிறார்கள்.

மேனியில் மூன்று கட்டம்

முதல் பத்துப் பதினைந்து நிமிடம்: அடித்தவுடன் மூக்கில் ஏறுவது சாராயச் சத்தின் காட்டம். அது அரை நிமிடத்தில் பறந்துவிடும். அடுத்து இலேசான சரக்குகள் எழும். ஆரஞ்சுத் தோல், ஏலக்காய், மல்லிகையின் பழ இனிப்பு ஆகியவை தெரியும். வாடிக்கையாளர் மூடியைத் திறந்து முகர்ந்து "நன்றாக இருக்கிறது" என்று பணம் கொடுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்துக்குத்தான்.

அரை மணி முதல் இரண்டு மூன்று மணி நேரம் வரை: இப்போதுதான் பூ விரிகிறது. பழ வாசம் அடங்கி, கிராம்பின் சூடும் இன்டோலின் கனமும் சேர்ந்து, இரவில் பந்தலடியில் நிற்பது போன்ற முழு மல்லிகை மணம் வரும். சிலருக்கு இது பிடிக்கும், சிலருக்குத் தலைவலிக்கும். வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டிய இடம் இதுதான்.

அதன்பிறகு: மல்லிகை பின்வாங்கி, சந்தனமும் வனிலாவும் பிசினும் மேனியோடு ஒட்டி நிற்கும். சட்டைக் காலரில் மறுநாளும் இது மிச்சமிருக்கும். "மல்லிகை வாங்கினேன், சந்தனம் மணக்கிறது" என்று புகார் வருவது இங்கேதான். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள்; இங்கே பூ போனபின் நார் மணக்கிறது, அவ்வளவே. அடிவாசம் இல்லாத சென்ட் சீக்கிரமே ஒன்றுமில்லாமல் போய்விடும்.

ஆளுக்கு ஆளும் வேறுபாடு உண்டு. எண்ணெய்ப் பசையுள்ள மேனியில் வாசம் நெடுநேரம் நிற்கும். வறண்ட மேனியில் சீக்கிரம் பறந்துவிடும். உடம்புச் சூடு அதிகமானால் கட்டங்கள் வேகமாக நகரும். எனவே "பக்கத்து வீட்டு அம்மா போட்டிருந்தது மாதிரி" என்று கேட்டு வருபவருக்கு அதே பாட்டிலைக் கொடுத்தாலும் அதே வாசம் வரும் என்று உறுதி சொல்ல இயலாது. எண்ணெயில் செய்த அத்தர் மெதுவாக எழுந்து மேனியோடு ஒட்டியே நிற்கும். சாராயத்தில் கரைத்த ஸ்பிரே வேகமாக எழுந்து நாலாபுறமும் பரவும்.

கடையில் செய்ய வேண்டியவை

முதலாவது, மூடியை முகர்ந்து பார்க்கச் சொல்லாதீர்கள். மணிக்கட்டில் ஒரு முறை அடித்து, தேய்க்காமல் உலரவிடச் சொல்லுங்கள். மற்றச் சாமான்களை வாங்கி முடிக்கட்டும். முடிந்தால் வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வரட்டும். அன்றைக்கு ஒரு விற்பனை தள்ளிப்போகலாம். திரும்பி வருபவர் மனநிறைவோடு வாங்குவார்.

இரண்டாவது, பெருங்காயம், காபித்தூள், ஊதுவத்தி மணக்கும் இடத்தில் சென்ட்டைச் சோதிப்பது பயன்படாது. வாசல் பக்கம், காற்றாட நின்று முகரச் செய்யுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் காட்டினால் மூக்கு மரத்துவிடும்.

மூன்றாவது, வெயில் படும் கண்ணாடி அலமாரியில் பாட்டிலை அடுக்காதீர்கள். வெளிச்சமும் சூடும் வாசத்தைக் கெடுக்கும், நிறமும் மாறும். சாராயம் கலந்த சரக்கு தீப்பிடிக்கும் என்பதால் விளக்கு, அடுப்பு, பட்டாசுச் சரக்கு இவற்றிலிருந்து விலக்கி வையுங்கள்.

நான்காவது, வாசனைப் பொருள் சிலர் மேனிக்கு ஒத்துக்கொள்வதில்லை. அரிப்போ தடிப்போ வந்தால் நிறுத்தும்படி சொல்லுங்கள். பட்டுப் புடவை மீது அத்தர் பட்டால் கறை படியும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

ஐந்தாவது, உற்பத்தியாளர் முகவரி, உரிம எண், தயாரித்த மாதம், அதிகபட்சச் சில்லறை விலை ஆகியவை அச்சிடாத பாட்டிலை எவ்வளவு லாபம் கிடைத்தாலும் கொள்முதல் செய்யாதீர்கள். சட்டப்படி வரும் தொல்லை ஒருபுறம். அந்தப் பாட்டிலுக்குள் என்ன சாராயம் இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

அரிசியை அள்ளிக் காட்டியும் பருப்பை வாயில் போட்டுப் பார்க்கச் சொல்லியும் வியாபாரம் செய்தவர்கள் நாம். சென்டுக்கும் அதே முறைதான். பருப்புக்கு ஒரு நிமிடம் போதும், மல்லிகை சென்டுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். இந்தத் தீபாவளிக்கு அந்த ஒரு மணி நேரத்தை வாடிக்கையாளருக்குக் கொடுத்துப் பாருங்கள்.