பெட்டி கட்டும் முன்னர்

என் அண்ணன் மகனுக்குச் சென்ற ஆண்டு மஸ்கட்டில் பணி கிடைத்தது. திருவனந்தபுரத்திலிருந்து விமானம். புறப்பாட்டுக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போதே, நாகர்கோவில் வீட்டுக் கூடத்தில் ஒத்திகையாகப் பெட்டி கட்டினோம். தராசில் 34 கிலோ காட்டியது. பயணச்சீட்டில் அனுமதி 30 கிலோ. "அத்தை, எதை எடுக்கட்டும்?" என்று அவன் கேட்டான். அண்ணி முந்திக்கொண்டு, "மக்களே, நேந்திரங்காய் வறுவல்ல மட்டும் கை வச்சிராத" என்றார்.

இக்காட்சி நம் பகுதியின் வீடுகளுக்குப் புதியதன்று. 1998-இல் தொடங்கிய கேரளப் புலம்பெயர்வு ஆய்வின் 2023-ஆம் ஆண்டுச் சுற்று, கேரளத்திலிருந்து சென்று வெளிநாடுகளில் வாழ்வோர் சுமார் 22 லட்சம் பேர் என்கிறது. அவர்களுள் ஏறத்தாழ 2.5 லட்சம் பேர் மாணவர்கள். குமரி மாவட்டத்தினர் பலருக்கும் திருவனந்தபுரமே விமான நிலையம். எனவே, எதைக் கொண்டு செல்வது, எதை விட்டுச் செல்வது என்ற கேள்வி நம் வாடிக்கையாளர்களிடமிருந்து அடிக்கடி எழுகிறது.

பெட்டிக்குள் எவை?

அங்கே எளிதில் கிடைப்பதைச் சுமக்க வேண்டியதில்லை என்பதே முதல் அளவுகோல். மஸ்கட்டின் ரூவி பகுதிக் கடைகளில் அரிசியும் புளியும் தேங்காய் எண்ணெயும் கிடைக்கின்றன. கூடுதல் எடைக்கு விமான நிறுவனத்துக்குச் செலுத்தும் தொகை, பல வேளைகளில் பொருளின் விலையையே மிஞ்சிவிடும். மொத்த அனுமதி எவ்வளவாயினும், ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டலாகாது என்பது பொதுவான நடைமுறை.

சில பொருள்களை அறியாமல் எடுத்துச் செல்வதே ஆபத்து. கசகசா நம் அஞ்சறைப் பெட்டியில் சாதாரணப் பொருள். ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளிலோ தடைசெய்யப்பட்டது. கொப்பரையில் எண்ணெய்ச் சத்து மிகுதி. அது தானாகவே சூடேறித் தீப்பற்றக் கூடும் என்பதால் விமானத்தில் அனுமதியில்லை. கைபேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கலாகாது. வலி, இருமல், தூக்கம் ஆகியவற்றுக்கான மருந்துகளுள் சில அந்நாடுகளில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மருத்துவரின் சீட்டும், தேவைப்படின் அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் முன் அனுமதியும் இன்றி அவற்றை எடுத்துச் செல்லக் கூடாது.

கையிலேயே இருக்க வேண்டியவை

அண்ணன் மகன் தன் மூலச் சான்றிதழ்களைப் பெட்டியின் அடியில், சட்டைகளுக்குக் கீழே வைத்திருந்தான். பெட்டி தவறினால் சட்டை வாங்கலாம். பட்டச் சான்றிதழ் வாங்க முடியாது. கடவுச்சீட்டு, விசா, பணி ஒப்பந்தம், சான்றிதழ்கள் யாவும் கைப்பையில் இருக்கட்டும். அவற்றின் நகல் ஒரு தொகுதி வீட்டில் இருக்கட்டும்.

சான்றிதழ் எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டதோ, அந்த மாநில அரசின் மேலொப்பம் முதலில் தேவை. கேரளச் சான்றிதழ்களுக்கு நோர்க்கா ரூட்ஸ் உதவுகிறது. தமிழகத்தில் படித்தவர்கள் தமிழகத்தில்தான் பெற வேண்டும். பின்னர் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. ஓமன் போன்ற அப்போஸ்டில் உடன்படிக்கை நாடுகளுக்கு அதுவே போதும். அமீரகம், குவைத் போன்றவற்றுக்குத் தூதரகச் சான்றும் வேண்டும். இதற்கு வாரங்கள் ஆகலாம் என்பதால் பெட்டி வாங்கும் முன்பே தொடங்குவது நன்று.

இந்திய ரூபாயை 25,000 வரை கொண்டு செல்லலாம். அயல்நாட்டு நாணயத் தாள்கள், பெரும்பாலான நாடுகளுக்கு, ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை. அதற்கு மேற்பட்டதைப் பயண அட்டையில் வைத்துக்கொள்ளலாம். நகைகளை இயன்றவரை பெட்டகத்தில் விட்டுச் செல்லுங்கள். கொண்டு செல்வதாயின், புறப்படும்போதே சுங்க அலுவலரிடம் ஏற்றுமதிச் சான்று பெற்றால், திரும்பி வருகையில் அவை நம் பழைய நகைகளே என மெய்ப்பிக்க இயலும்.

விட்டுச் செல்ல வேண்டியவை

எவரும் எளிதில் மறந்துவிடும் பகுதி இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய கிளைக்கு முதிய பெண்மணி ஒருவர் வந்தார். கணவர் மருத்துவமனையில், உடனே பணம் கட்ட வேண்டும். மகன் குவைத்தில். மகனின் கணக்கில் போதிய தொகை இருந்தது. மகனே தொலைபேசியில் என்னிடம், "என் அம்மாதான், கொடுத்துவிடுங்கள்" என்று வேண்டினார். ஆனால் கணக்கு அவர் ஒருவர் பெயரில் இருந்தது. பதிவுசெய்த கைபேசி எண்ணை அவர் கைவிட்டு ஓராண்டு ஆகியிருந்தது. ஆகவே இணையவழியிலும் பணம் அனுப்ப இயலவில்லை. அதிகாரப் பத்திரமும் இல்லை. தொலைபேசிக் குரலை நம்பிப் பணம் வழங்க விதி இடம் தராது, தரவும் கூடாது. அந்த அம்மா என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கையிலிருந்த இரு வளையல்களைக் கழற்றி மேசைமீது வைத்தார். நகைக்கடன் விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். மகனின் பணம் அதே கிளையில் இருக்க, தாய் வட்டி கட்டினார்.

இதைத் தவிர்க்க ஒரு முற்பகல் போதும். வேலைக்குச் செல்வோர் தம் சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. மேற்படிப்புக்குச் செல்லும் மாணவர்களுக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் அறியார். வெளிநாட்டு ஊதியத்தை என்.ஆர்.இ. கணக்கில் சேமித்தால், அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை, என்.ஆர்.ஓ. வட்டிக்கு உண்டு.

அவ்வேளையிலேயே நியமனதாரரைப் பதிவுசெய்யுங்கள். நம்பிக்கைக்குரிய ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். இங்கே எளிதில் முடியும் இவ்வேலையை அங்கே சென்றபின் செய்வதாயின், விடுப்பெடுத்து இந்தியத் தூதரகம் வரை அலைய நேரிடும். இந்தியக் கைபேசி எண்ணை உயிர்ப்புடன் வைத்திருங்கள். அல்லது புதிய எண்ணைத் தாமதமின்றி வங்கியில் பதிவுசெய்யுங்கள். கடன் தவணை, காப்பீட்டுப் பிரீமியம் செல்லும் நாள்களை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துச் செல்லுங்கள்.

அண்ணன் மகன் அந்த வாரமே அம்மாவுடன் கிளைக்கு வந்து எல்லாத் தாள்களிலும் கையொப்பமிட்டான். பெட்டியிலிருந்து பிரஷர் குக்கர், இரண்டு கனத்த துண்டுகள், கொப்பரைப் பொட்டலம் வெளியே வந்தன. தராசு 29 காட்டியது. நேந்திரங்காய் வறுவல் இருந்த இடத்திலேயே இருந்தது. அண்ணியின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.