ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலா?

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பள்ளியில் பணியாற்றியபோது ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். கொல்லிமலை மேலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். கபடியில் ரைடு போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டாள். 1500 மீட்டர் ஓட்டத்திலும் பள்ளியில் அவளை முந்த ஆள் இல்லை. குறுவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாளில் நான் அவளை அழைத்து, “ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வேண்டாம். ஏதாவது ஒன்றைச் சொல்” என்றேன். “ரெண்டுலயும் இருக்கக் கூடாதுங்களா சார்?” என்று கேட்டாள். “கூடாது” என்றேன். தோழிகள் கபடி அணியில் இருந்ததால் அவள் கபடி என்றாள். முதல் சுற்றிலேயே அணி தோற்றுத் திரும்பியது. தடகளப் போட்டி அதற்கு அடுத்த வாரம்தான் நடந்தது. இரண்டு தேதிகளையும் நான் பார்த்திருக்கவே இல்லை.

அந்தத் தவறு மனதில் இருந்ததால்தான் எம். ஜே. கோபாலன் என்ற விளையாட்டு வீரரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய தமிழர் அவர். நம் மாணவர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. ஆசிரியர்களாகிய நமக்கும் அவரிடம் கற்க ஒரு பாடம் இருக்கிறது.

மோரப்பாக்கத்திலிருந்து சேப்பாக்கத்துக்கு

கோபாலன் 1909இல் செங்கல்பட்டு மாவட்டம் மோரப்பாக்கத்தில் பிறந்தவர். சென்னை திருவல்லிக்கேணியில் கிரிக்கெட் ஆடிப் பெயர் பெற்றார். வேகப்பந்து வீச்சாளர். அப்போது சென்னைக் கிரிக்கெட்டின் முக்கியப் புள்ளியாக இருந்த சி. பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் இவரது திறமையைக் கண்டுகொண்டார். பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் கோபாலனுக்கு வேலையும் கிடைத்தது. விளையாட்டில் வருமானம் இல்லாத அந்தக் காலத்தில், ஒருவர் தொடர்ந்து ஆட வேண்டுமானால் இப்படி ஒரு பிடிமானம் அவசியமாக இருந்தது. திறமையைக் கண்டறிவதோடு நின்றுவிடாமல், அது தழைக்க வழியும் செய்துகொடுக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1934 ஜனவரியில் டக்ளஸ் ஜார்டைன் தலைமையில் வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராகக் கல்கத்தா ஈடன் கார்டன் மைதானத்தில் கோபாலன் டெஸ்ட் போட்டியில் ஆடினார். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் தொடங்கியது. சென்னையும் மைசூரும் மோதின. இன்று நாடு முழுவதும் அறிந்த அந்தப் போட்டித் தொடரின் முதல் பந்தை வீசியவர் கோபாலன்தான். ஏ. ஜி. ராம்சிங் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 11 விக்கெட்டுகளை வீழ்த்த, ஆட்டம் ஒரே நாளில் முடிந்து சென்னை வென்றது.

அடுத்த ஆண்டே அவர் கையில் ஹாக்கி மட்டை. 1935இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய ஹாக்கி அணியில் கோபாலனும் இடம்பெற்றார். அந்தப் பயணத்தில் இந்திய அணி 48 ஆட்டங்களில் ஆடி அனைத்திலும் வென்றது. அடித்த கோல்கள் 584. வாங்கியவை 40 மட்டுமே. தியான் சந்த் மட்டும் 201 கோல்கள் அடித்தார். அத்தகைய அணியில் இடம்பெறுவது சாதாரணமான செய்தி அன்று.

1936: இரண்டு அழைப்புகள்

1936 கோடையில் இந்தியக் கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பெர்லின் ஒலிம்பிக். நியூசிலாந்துப் பயணத்துக்குப் பின் ஹாக்கி அணியிலும் கோபாலனுக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. ஆனால் கடல்வழிப் பயணமே வாரக்கணக்கில் ஆகும் காலம் அது. இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணம் கோடை முழுவதும் நீளக்கூடியது. ஹாக்கி அணியோ ஜூன் இறுதியில் பம்பாயில் கப்பல் ஏறியது. இரண்டிலும் இருக்க வழியே இல்லை. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

அந்தப் பயணத்தில் மூன்று டெஸ்ட் போட்டிகள் நடந்தன. ஒன்றில்கூட கோபாலன் களமிறங்கவில்லை. முகமது நிசார், அமர்சிங், ஜஹாங்கீர் கான் ஆகிய வேகப்பந்து வீச்சாளர்கள் அணியில் இருந்தனர். 1936 ஆகஸ்ட் 15 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. அதே நாளில் பெர்லினில் ஹாக்கி இறுதி ஆட்டம். இந்தியா ஜெர்மனியை 8-1 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றது. கோபாலன் இரண்டு ஆட்டங்களிலும் இல்லை.

இதைப் படிக்கும் எவருக்கும் “தவறான முடிவு எடுத்துவிட்டாரே” என்று தோன்றும். ஆனால் முடிவெடுத்த நாளில் பெர்லின் கணக்கு யாருக்கும் தெரியாது. தெரிந்த செய்திகளை வைத்து அவரே முடிவெடுத்தார். விளைவைப் பார்த்து முடிவை எடைபோடுவது எளிது. அது நியாயம் அன்று.

ஒலிம்பிக் பதக்கம் இல்லாததால் அவர் வாழ்க்கை வீணாகிவிடவும் இல்லை. அவர் பெயரால் 1952-53இல் தொடங்கிய கோபாலன் கோப்பைக்காகச் சென்னை அணியும் இலங்கை அணியும் பல ஆண்டுகள் ஆடின. இலங்கை டெஸ்ட் தகுதி பெற்றது 1981இல். அதற்கு முந்தைய காலத்தில் அந்நாட்டு வீரர்களுக்குக் கிடைத்த முக்கியமான பயிற்சிக் களங்களில் இதுவும் ஒன்று. 2003 டிசம்பரில், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் கோபாலன் மறைந்தார்.

அதே அணியில் இன்னொருவர்

1936 அணியில் இன்னொரு சென்னைக்காரரும் இருந்தார். கோட்டா ராமசாமி. சென்னைக் கிரிக்கெட்டின் முன்னோடியான புச்சி பாபு நாயுடுவின் மகன். 1922இலேயே டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடியவர். மான்செஸ்டரில் தன் முதல் டெஸ்டில் களமிறங்கியபோது அவருக்கு வயது 40. அந்த ஆட்டத்தில் 40, 60 என ரன்கள் எடுத்தார். ஒரு விளையாட்டில் நாட்டுக்காக ஆடி 14 ஆண்டுகள் கழித்து இன்னொன்றில் ஆடினார். இவருடைய இரண்டு வாய்ப்புகளும் வெவ்வேறு காலத்தில் வந்தன. கோபாலனுக்கு ஒரே கோடையில் வந்தன. திறமையில் இருவருக்கும் குறையில்லை. வேறுபாடு நாட்காட்டியில் இருந்தது.

அயர்லாந்து காட்டும் வழி

நாட்காட்டியைச் சரிசெய்தால் என்ன நடக்கும் என்பதற்கு அயர்லாந்தைப் பார்க்கலாம். அங்கே ஹர்லிங், கேலிக் கால்பந்து என இரண்டு மரபு விளையாட்டுகள் உண்டு. ஹர்லிங் மர மட்டையால் ஆடப்படுவது. பந்து தரையிலும் போகும், தலைக்கு மேலும் பறக்கும். கேலிக் கால்பந்தில் பந்தைக் கையாலும் காலாலும் ஆடலாம். இரண்டுக்கும் ஒரே மைதானம், ஒரே வகைக் கோல் கம்பம், அணிக்கு 15 பேர். 1884இல் தொடங்கிய ஒரே சங்கமே இரண்டையும் நடத்துகிறது. அதனால் ஒருவரே இரண்டையும் ஆடுவது அங்கே பழைய வழக்கம்.

கார்க் மாவட்ட வீரர் ஜாக் லிஞ்ச் 1941 முதல் 1946 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் அகில அயர்லாந்துப் பட்டம் வென்றார். ஐந்து ஹர்லிங்கில், ஒன்று கால்பந்தில். பின்னாளில் அவர் அந்நாட்டின் பிரதமரும் ஆனார். அதே கார்க்கைச் சேர்ந்த டெடி மெக்கார்த்தி 1990 செப்டம்பரில் இரண்டு வார இடைவெளியில் இரண்டு இறுதி ஆட்டங்களிலும் ஆடி, இரண்டிலும் வென்றார். இரண்டும் ஒரே நாளில் நடந்திருந்தால் இந்தச் சாதனைக்கு வாய்ப்பே இல்லை. இப்போது பயிற்சியின் சுமை கூடிவிட்டதால் அங்கும் உயர்மட்டத்தில் இரண்டையும் ஆடுவோர் அரிதாகிவிட்டனர்.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை

வளரும் வயதில் ஒரே விளையாட்டை ஆண்டு முழுவதும் ஆடினால், ஒரே தசைக்கும் மூட்டுக்கும் தொடர்ந்து சுமை விழுகிறது. காயமும் சலிப்பும் வருகின்றன. ஒரே விளையாட்டில் மட்டும் கவனம் செலுத்துவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடுவது நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு பரிந்துரைத்துள்ளது. நம் உயர்நிலைப் பள்ளிக் குழந்தைகளில் பெரும்பாலோர் அந்த வயதைத் தொடாதவர்கள். ஆகவே அவர்களிடம் “ஒன்றைச் சொல்” என்று அவசரப்படத் தேவையில்லை.

1. கல்வியாண்டின் தொடக்கத்தில், எந்த மாணவர் எந்தெந்த விளையாட்டில் ஆர்வமுள்ளவர் என்று ஒரு பதிவேடு வைக்கலாம். போட்டி அறிவிப்பு வந்ததும் தேதிகளை அதில் குறித்துவிட்டால், உண்மையிலேயே மோதல் உள்ளதா என்பது தெரிந்துவிடும்.

2. தேதிகள் மோதினால், உடற்கல்வி ஆசிரியர், வகுப்பாசிரியர், பெற்றோர் மூவரும் மாணவரோடு அமர்ந்து பேசலாம். எதில் என்ன வாய்ப்பு என்பதை நாம் விளக்க வேண்டும். முடிவு மாணவருடையதாக இருக்கட்டும்.

3. முடிவு எப்படி அமைந்தாலும் “அப்போதே சொன்னேனே” என்று பின்னர் சொல்லாமல் இருப்போம்.

4. தொடக்க வகுப்புகளில் 584 கோல், 48 ஆட்டம் என்பதை வகுத்தல் கணக்காகத் தரலாம். ஆட்டத்துக்கு ஏறத்தாழ 12 கோல் என்று வரும்போது வகுப்பே வியக்கும். உயர் வகுப்புகளில், கோபாலன் இடத்தில் இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று ஒரு கடிதம் எழுதச் சொல்லலாம்.

இப்போது நான் இருக்கும் முள்ளுக்குறிச்சியில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இந்த ஆண்டு கைப்பந்துக்கும் நீளம் தாண்டுதலுக்கும் பெயர் கொடுக்க வந்து நின்றான். “ரெண்டும் எழுதிக்கலாங்களா சார்?” என்று தயங்கிக் கேட்டான். போட்டித் தேதிகள் உள்ள சுற்றறிக்கையை எடுத்து அவனோடு சேர்ந்து பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒன்பது நாள் இருந்தது. இரண்டிலும் அவன் பெயரை எழுதினேன்.