வீட்டில் எஸ்பிரஸ்ஸோ காப்பி இயந்திரம்

வட இந்திய நகரங்களில் வாழும் நம்மவர்க்கு ‘எஸ்பிரஸ்ஸோ’ என்னும் சொல் புதியதன்று. குளிர்காலத் திருமண விருந்துகளில் ஓர் இயந்திரம் ‘உஸ்’ என்று ஆவி கக்க, நுரை ததும்பும் பாற்காப்பியின்மீது கோகோத் தூளைத் தூவிக் கொடுப்பார்கள். அதற்கு இங்கே அப்பெயர் வழங்குகிறது. அது உடனடிக் காப்பித் தூளையும் பாலையும் நீராவியால் நுரைக்கச் செய்த பானமேயன்றி, இத்தாலியர் அப்பெயரால் குறிப்பிடும் காப்பியன்று. இக்காலத்தில் வீட்டு உபயோகத்திற்கென விற்கப்படும் இயந்திரங்களோ இத்தாலிய வகையைச் சார்ந்தவை. பல்லாயிரம் ரூபாய் செலவிட்டு வாங்கி, சில வாரங்களில் பரணில் ஏற்றிவிடும் நிலை நேராதிருக்க வேண்டுமானால், அவ்வியந்திரம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை முன்னரே அறிந்துகொள்வது நலம்.

நம் வீட்டு ஃபில்டரில் வெந்நீர் தன் எடையினாலேயே தூளினூடே மெல்ல இறங்குகிறது. டிகாக்ஷன் முழுவதும் இறங்கக் கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். எஸ்பிரஸ்ஸோ முறையில், 90 முதல் 96 டிகிரி செல்ஷியஸ் வரை சூடேறிய நீர், மிக நுண்ணிய தூளினூடே சுமார் 9 பார் அழுத்தத்தில் செலுத்தப்படுகிறது. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார். ஒன்பது பார் என்பது, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைக் காட்டிலும் உயர்ந்த, சுமார் 90 மீட்டர் நீர்த்தம்பத்தின் அடியில் காணும் அழுத்தம். ஆகவேதான் அரை நிமிடத்திற்குள் சாறு இறங்கி, அதன்மேல் பொன்னிற நுரையும் படர்கிறது.

இம்முறை ஒரே நாளில் தோன்றியதன்று. 1884இல் தூரின் நகரத்து ஆஞ்செலோ மோரியொண்டோ நீராவியின் துணைகொண்டு காப்பி இறக்கும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1901இல் மிலான் நகரத்து லூயிஜி பெட்ஸேரா அம்முறையை மேலும் திருத்தியமைத்தார். ஆயினும் நீராவியால் மட்டும் போதிய அழுத்தம் கிட்டவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், அக்கீல்லே காஜ்ஜியாவின் நெம்புகோல் இயந்திரங்கள் வந்தபோதுதான் பொன்னிற நுரை எஸ்பிரஸ்ஸோவின் அடையாளமாயிற்று. 1961இல் ஃபயேமா நிறுவனத்தின் இ-61 இயந்திரம், நெம்புகோலின் வேலையை மின் பம்புக்கு மாற்றியது.

இவ்வரலாற்றிலிருந்தே வாங்குவோர்க்கு முதல் பாடம் கிடைக்கிறது. மிகக் குறைந்த விலையில் விற்கப்படும் சில இயந்திரங்களில் பம்பே இல்லை. நீராவியின் அழுத்தம் மட்டுமே உண்டு. அவை தருவது கடுங்காப்பியேயன்றி எஸ்பிரஸ்ஸோ ஆகாது. அத்தகைய காப்பியே போதுமென்போர், 1933இல் இத்தாலியில் பியலெட்டி உருவாக்கிய ‘மோக்கா’ பாத்திரத்தை அடுப்பில் வைத்துப் பயன்படுத்தலாம். செலவும் குறைவு, பழுதும் குறைவு.

பம்பு உள்ள இயந்திரங்களின் பெட்டிகளில் ‘15 பார்’, ‘20 பார்’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைக் காண்கிறோம். அது பம்பு தரக்கூடிய உச்ச அளவு. காப்பிக்கு வேண்டியது 9 பாரே. ஆதலால் இவ்வெண்ணைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. தூளிடும் வடிகிண்ணம் எத்தகையது என்பதையே கவனிக்க வேண்டும். இரட்டை அடித்தட்டுள்ள கிண்ணம், தூள் எப்படியிருப்பினும் ஒரே சிறு துளையின் வழியே சாற்றைப் பீய்ச்சி, நுரைபோன்ற தோற்றத்தை உண்டாக்கிவிடும். பழகும் நாட்களுக்கு அது உதவும். உண்மைச் சுவை வேண்டுவோர்க்கு ஒற்றை அடித்தட்டுள்ள கிண்ணமும் உடன் கிடைக்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவிலுள்ள மக்கள் விடுமுறைக்கு வரும்போது அன்புடன் கொண்டுவரும் இயந்திரம் 120 வோல்ட்டுக்கு அமைந்தது. நம் வீட்டு 230 வோல்ட்டில் அதை நேரே செருகினால் கருகிப்போகும். 1,400 வாட் இழுக்கும் கருவிக்கு ஏற்ற மின்மாற்றியோ கனமும் விலையும் மிக்கது. இத்தகைய அன்பளிப்பை முன்கூட்டியே அன்புடன் தடுத்துவிடுவது மேல். மேலும், மாற்றலுக்குரிய உத்தியோகத்தில் இருப்போர், ரப்பர் வளையம் போன்ற உதிரிப் பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கக்கூடிய இயந்திரத்தையே நாட வேண்டும்.

இனி, பலரும் மறந்துவிடும் செய்திக்கு வருவோம். இயந்திரத்தினும் முக்கியமானது அரைக்கும் கருவி. மிக்ஸியின் கத்தி கொட்டையை நறுக்குவதால், மாவும் குறுநொய்யும் கலந்தே கிடைக்கும். நீர் நொய்யுள்ள பக்கமாக ஓடிவிடும். ஒருபுறம் புளிப்பும் மறுபுறம் கசப்புமாகச் சாறு இறங்கும். பற்சக்கரங்களுக்கிடையே கொட்டையைச் சீராக அரைக்கும் கருவியே வேண்டும். கையால் சுற்றும் நல்ல கருவியும் போதும். ஒதுக்கிய தொகையில் மூன்றில் ஒரு பங்கையேனும் இதற்குச் செலவிடலாம் என்பது நம் கருத்து.

மாதுங்கா, கரோல் பாக் போன்ற பகுதிகளில் தென்னிந்தியக் காப்பிக் கடைகளுக்குச் செல்வோர் சிக்கரி கலவாத முழுக் கொட்டையாகவே கேட்டு வாங்குக. சிக்கரி நீர்பட்டவுடன் குழைந்து, நீர்வழியை அடைத்துவிடக்கூடும். வறுத்து ஒரு வாரத்திற்குப் பின், ஒரு மாதத்திற்குள் பயன்படுத்தினால் மணம் குன்றாது. அரபிக்காவுடன் சிறிது ரோபஸ்டா சேர்ந்தால் நுரையும் திண்மையும் மிகும். இந்திய ரோபஸ்டாவை இத்தாலியரே தங்கள் கலவைகளுக்காக வாங்குகின்றனர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

செய்முறை எளிது. இயந்திரம் நன்கு சூடேறட்டும். 18 கிராம் தூளை வடிகிண்ணத்தில் சமமாகப் பரப்பி, நேராக அழுத்துக. 25 முதல் 30 விநாடிக்குள் 36 கிராம் சாறு இறங்க வேண்டும். சிறு தராசும் கடிகாரமும் இருந்தால் ஐயமில்லை. பதினைந்து விநாடியிலேயே இறங்கிப் புளித்தால் தூளை இன்னும் நுண்மையாக்குக. துளித்துளியாகச் சொட்டிக் கசந்தால் சற்றே பருமனாக்குக. ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்தால் காரணம் விளங்கும்.

பாலுக்கு வருவோம். நீராவியால் நுரைக்கும்போது 60, 65 டிகிரியில் நிறுத்துவதே முறை. அதற்கு மேல் நுரை குலைந்துவிடும். நாம் விரும்பும் கொதிக்கும் காப்பிக்கு இச்சூடு போதாது என்று தோன்றலாம். அவ்வாறாயின் பாலை அடுப்பில் காய்ச்சி, சாற்றின்மேல் ஊற்றி, டபராவில் ஒருமுறை ஆற்றிக்கொள்வதில் குற்றமில்லை. ஒரே கொதிகலன் உள்ள சிறு இயந்திரத்தில், சாறு இறக்கியபின் ஆவி உண்டாகக் காத்திருக்க வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டில் காலை வேளையில் அடுப்புப் பாலே கைகொடுக்கும்.

பல ஊர்களின் குழாய்நீரும் கிணற்றுநீரும் கடினமானவை. அவற்றின் சுண்ணாம்பு கொதிகலனில் படிந்து அதன் ஆயுளைக் குறைக்கும். முற்றும் உப்பு நீக்கிய நீரிலோ சுவை எழாது. லிட்டருக்குச் சுமார் 150 மில்லிகிராம் உப்புள்ள நீர் ஏற்றது. தயாரிப்பாளர் சொல்லும் காலக்கிரமப்படி படிவு நீக்குக. ஆவிக் குழாயைப் பால் காயுமுன்னரே ஈரத்துணியால் துடைத்து, ஒரு நொடி ஆவியையும் வெளியேற்றுக.

முடிவாக ஒன்று. இக்காப்பி எவ்வளவு நன்றாக அமைந்தாலும், சிக்கரி மணக்கும் ஃபில்டர் டிகாக்ஷனின் சுவை இதில் வாராது. இரண்டும் வெவ்வேறு பானங்கள். ஊரின் காப்பியை நாடி ஏங்குவோர் நல்ல கொட்டைக்கும் புதிதாய் அரைத்த தூளுக்கும் செலவிட்டு, ஃபில்டரையே போற்றுக. புதிய சுவையொன்றைப் பழக விரும்புவோர், அரைக்கும் கருவியை முதலிலும் இயந்திரத்தைப் பின்னரும் வாங்குக. எதுவாயினும் பழைய ஃபில்டரை மட்டும் யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.