520 பைட் டிஸ்க்கைக் குப்பையில் போடலாமா?

பெரிய நிறுவனங்களின் சேமிப்பகங்களிலிருந்து கழற்றி விற்கப்படும் எஸ்ஏஎஸ் ஹார்டு டிஸ்க்குகள் சில, எஸ்ஏஎஸ் இணைப்பு உள்ள சாதாரணக் கணினியில் மாட்டினால் பெயரை மட்டும் காட்டும்; ஒரு கோப்பைக்கூட ஏற்காது. கெட்டுப்போனது என்று அவற்றை ஒதுக்குவது அவசரத் தீர்ப்பு. பிளாக் அளவு பொருந்தாததாலும் இப்படி நடக்கும். டிஸ்க் ஒரு தடவையில் படிக்கவோ எழுதவோ கூடிய மிகச் சிறிய துண்டுதான் பிளாக். 512 பைட் என்பது நெடுநாள் வழக்கம். நெட்ஆப், இஎம்சி சேமிப்பகங்களோ தரவு சிதையாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க, துண்டுக்கு 8 பைட் கூட்டி 520 ஆக்கின. லினக்ஸ் உட்பட வழக்கமான இயங்குதளங்கள் இந்த அளவை ஏற்பதில்லை.

வழக்கமான ஃபார்மேட் இதற்கு உதவாது. பழவேற்காடு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்கள் வலை இறக்கும் இடங்களைப் பாடுகளாக வகுத்து, எந்தப் பாடு யாருக்கு என்று முறைவைத்துக்கொள்கிறார்கள். வழக்கமான ஃபார்மேட் அந்த முறையை மாற்றுவதைப் போன்றது. பாடுகளின் எல்லையையே மாற்றி வகுப்பது லோ-லெவல் ஃபார்மேட். லினக்ஸில் எஸ்ஜி3_யூட்டில்ஸ் தொகுப்பின் எஸ்ஜி_ஃபார்மேட் கட்டளை, வேண்டிய அளவை முதலில் டிஸ்க்குக்குச் சொல்லி, பிறகு 'ஃபார்மேட் யூனிட்' ஆணையை அனுப்புகிறது. டிஸ்க் தானே எல்லாத் துண்டுகளையும் 512 பைட்டாகத் திரும்ப வகுத்துக்கொள்கிறது.

லோ-லெவல் ஃபார்மேட் வழக்கொழிந்துவிட்டதே என்று கேட்கலாம். டிஸ்க்கைப் படித்து எழுதும் தலைக்கு வழிகாட்டும் சர்வோ குறிகள் தொழிற்சாலையில் எழுதப்படுபவை, அவற்றை நாம் தொட முடியாது என்பது உண்மை. சாட்டா டிஸ்க்குகள் பெரும்பாலானவற்றில் இந்த வேலை செல்லாது என்பதும் உண்மை. ஆனால் எஸ்ஏஎஸ் டிஸ்க்குகள் கைக்கொள்ளும் ஸ்கஸி கட்டளைகளில் இதற்கு இன்றும் இடமுண்டு. அந்த 8 பைட் காவல் போய்விடுமே என்பது அடுத்த கேள்வி. போகும்தான். ஆனால் இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் தாமே சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டு வைக்கின்றன. டிஸ்க்கின் உள்ளே பிழைதிருத்தக் குறியீடும் தனியாக இருக்கிறது. உண்மையான ஆபத்துகள் வேறு: பழைய தரவு முழுவதும் அழியும், பெரிய டிஸ்க்குக்குப் பல மணி நேரம் பிடிக்கும், நடுவில் மின்சாரம் போனால் டிஸ்க் அரைகுறையாக நிற்கும், பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எனவே யூபிஎஸ் இணைத்து, டிஸ்க்கின் ஸ்மார்ட் நலக் குறிப்பைப் பார்த்து, எந்த டிஸ்க் என்பதை இருமுறை உறுதிசெய்துகொண்டு தொடங்குங்கள். நலமாக உள்ள டிஸ்க்கை அளவு பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் மின்குப்பையில் சேர்த்துவிடாதீர்கள்.