பெரியப்பா ஏன் அழுதார்? ஹார்மோன் ஊசியும் மனசும்

இது எபிசோடோட எழுத்து வடிவம். படிக்க வசதியா சில இடங்களைச் சுருக்கியிருக்கேன்.

வழக்கமா நாம வேலை, டெக், சம்பளம்னு பேசுவோம். இன்னைக்குக் கொஞ்சம் வீட்டு விஷயம். பெரியப்பா, பெரியம்மா ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் பேசறேன்.

பெரியப்பாவுக்கு 71 வயசு. மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவர். தாத்தா இறந்த அன்னைக்குக்கூட கண் கலங்காம, பந்தல்காரருக்குக் காசு எண்ணிக் கொடுத்துட்டு நின்ன மனுஷன். போன வருஷம் அவருக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய்னு தெரிஞ்சுது. கதிர்வீச்சு சிகிச்சை, கூடவே மூணு மாசத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி.

ரெண்டாவது ஊசி போட்டு ஒரு மாசம் இருக்கும். பேரன் வீடியோ கால்ல, ஸ்கூல்ல கத்துக்கிட்ட பாட்டைப் பாடிக் காட்டினான். பெரியப்பா தேம்பித் தேம்பி அழுதார். அன்னைக்கு ராத்திரியே சாம்பார்ல உப்பு கம்மின்னு தட்டைத் தள்ளிவிட்டார். அடுத்த வாரம் பெரியம்மா எனக்கு ஃபோன் பண்ணாங்க. "உங்க பெரியப்பா என் பக்கத்துலயே வர மாட்டேங்கறாருப்பா. நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டனா?"

அவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. ஆஸ்பத்திரியில கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். உடம்பு சூடாகும், எலும்பு பலவீனமாகும், சர்க்கரை கூடலாம்னு எல்லாம் இருந்துச்சு. மனசைப் பத்தி ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி என்னவா இருந்திருக்கணும்ங்கறதுதான் இந்த எபிசோட்.

பேர்லயே ஒரு குழப்பம்

ஹார்மோன் சிகிச்சைன்னு கேட்டதும் ஏதோ ஹார்மோனை உள்ளே ஏத்தறாங்கன்னு தோணும். நடக்கறது நேர் எதிர். ப்ராஸ்டேட் புற்றுநோய் செல்கள் வளர டெஸ்டோஸ்டிரோன் வேணும். அது கிடைக்காம பண்றதுதான் சிகிச்சை. 1941-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸ், விரைகளை அகற்றினால் இந்தப் புற்றுநோய் சுருங்குது என்று காட்டினார். அந்த வேலைக்காக 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்னைக்கும் சிலருக்கு அந்த அறுவை சிகிச்சையைச் செய்யறாங்க. நிறைய பேருக்கு அதே வேலையை ஊசி செய்யுது.

எப்படி? மூளையில் ஹைப்போதாலமஸ்னு ஒரு பகுதி. அங்கிருந்து ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, விட்டு விட்டு ஒரு சிக்னல் போகும். பிட்யூட்டரி சுரப்பி அதை வாங்கி, "டெஸ்டோஸ்டிரோன் தயார் பண்ணு"ன்னு விரைகளுக்குச் சொல்லும். லூப்ரோலைட் மாதிரியான ஊசிகள் அந்தச் சிக்னலைக் காப்பியடிக்கும், ஆனா இடைவெளியே விடாது.

நம்ம பாஷையில சொன்னா, எப்பவாவது வர்ற ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் சொல்ற சர்வருக்கு நொடிக்கு நொடி ரிக்வெஸ்ட் அனுப்பற கதை. முதல்ல ஓவரா வேலை பார்க்கும், அப்புறம் கதவைச் சாத்திடும். அதனாலதான் முதல் ஒரு வாரத்துல டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் ஏறும். அதைச் சமாளிக்க ஆரம்பத்துல தனியா மாத்திரையும் கொடுப்பாங்க. மூணு நாலு வாரத்துல அளவு தரைக்கு வந்துடும். சாதாரணமா ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 300 முதல் 1000 நானோகிராம் வரை இருக்க வேண்டியது, 50-க்குக் கீழே போயிடும்.

மூளைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

டெஸ்டோஸ்டிரோன்னா தசை, தாடி, செக்ஸ்னு மட்டும் நினைச்சுட்டு இருக்கோம். பயம், கோபம் போன்ற உணர்ச்சிகளில் பங்குள்ள அமிக்டலா, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ், இங்கெல்லாம் அந்த ஹார்மோனை வாங்கிக்கற ஏற்பிகள் இருக்கு. இன்னொரு விஷயம், ஆண்கள் உடம்புலயும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. அது டெஸ்டோஸ்டிரோனில் இருந்துதான் உருவாகுது. ஒண்ணு நின்னா ரெண்டும் போச்சு.

விளைவு? திடீர்னு உடம்பு கொதிக்கும், வேர்க்கும். ராத்திரியில இது மூணு நாலு தடவை வந்தா தூக்கம் போகும். தூக்கம் போனா எரிச்சல் வரும். தசை குறையும், தொப்பை போடும், சிலருக்கு மார்பு பெருக்கும். கண்ணாடியில தெரியற ஆள் வேற மாதிரி இருப்பார். தாம்பத்திய ஆசை கிட்டத்தட்ட அணைஞ்சே போயிடும். இது எல்லாத்துக்கும் மேல, "எனக்குப் புற்றுநோய்"ங்கற பயம்.

ஆக, அழுகைக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணு இல்ல. நேரடியா மூளையில நடக்கற மாற்றம் ஒரு பக்கம். தூக்கமின்மை, உடம்பு மாற்றம், பயம் இதெல்லாம் இன்னொரு பக்கம். பெண்களுக்கு மாதவிடாய் நிக்கும்போது சில வருஷமா படிப்படியா நடக்கற மாற்றம், இவங்களுக்குச் சில வாரத்துல நடந்து முடிஞ்சிடுது.

இதைத் தன் உடம்புலயே கவனிச்சு எழுதின ஒரு விஞ்ஞானி இருக்கார். ரிச்சர்ட் வாஸர்சக், கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியரா இருந்தவர். தவளைக் குஞ்சுகளை ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தவருக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் வந்து, இதே சிகிச்சை எடுத்தார். அந்த அனுபவத்தை மறைக்காம வெளிப்படையா எழுதினார். 2014-ல் உளவியலாளர்கள் ரெண்டு பேரோட சேர்ந்து, நோயாளிக்கும் அவர் துணைக்கும் சேர்த்தே ஒரு வழிகாட்டிப் புத்தகம் கொண்டுவந்தார். துணைக்கும் சேர்த்து என்பதுதான் முக்கியம்.

இது எவ்வளவு பேருக்கு வரும்?

அமெரிக்காவில் 65 வயசுக்கு மேற்பட்ட 78,552 ஆண்களோட மருத்துவப் பதிவுகளை வச்சு ஒரு ஆய்வு 2016-ல் வெளிவந்தது. எல்லாருமே உடம்பு முழுக்கப் பரவாத ப்ராஸ்டேட் புற்றுநோய் உள்ளவங்க. மூணு வருஷத்துக்குள்ள மனச்சோர்வு நோய்னு பதிவானவங்க, ஹார்மோன் சிகிச்சை எடுத்தவங்கள்ல 7.1 சதவீதம். எடுக்காதவங்கள்ல 5.2 சதவீதம். எத்தனை மாசம் சிகிச்சை நீளுதோ, அவ்வளவு ஆபத்தும் கூடுச்சு.

இதை ரெண்டு விதமா படிக்கணும். ஒண்ணு, பெரும்பாலானவங்களுக்கு மனச்சோர்வு நோய் வர்றதில்ல, அதனால பயந்துட்டு ஊசியே வேண்டாம்னு சொல்லக் கூடாது. ரெண்டு, டாக்டர்கிட்ட போய்ப் பதிவானவங்க மட்டும்தான் இந்தக் கணக்குல வருவாங்க. வீடியோ கால்ல அழற பெரியப்பாவும், உப்புக்காகத் தட்டைத் தள்ளற பெரியப்பாவும் எந்தக் கணக்குலயும் வர மாட்டாங்க.

நாம என்ன பண்ணலாம்?

முதல் வேலை, முன்கூட்டியே சொல்றது. "இந்த ஊசி போட்டா அழுகை வரலாம், கோபம் வரலாம், ஆசை குறையலாம். அது மருந்தோட வேலை, உங்க குணம் இல்ல"ன்னு நோயாளிக்கும் துணைக்கும் சேர்த்துச் சொல்லணும். "ஆம்பள அழலாமா"ன்னு யாரும் கேக்கக் கூடாது.

ரெண்டாவது, உடற்பயிற்சி. வாக்கிங் மட்டும் போதாது. எடை தூக்கறது, ரப்பர் பேண்ட் இழுக்கறது மாதிரி தசைக்கு வேலை கொடுக்கற பயிற்சியும் வேணும். சோர்வு குறையறதுக்கும் தசையைக் காப்பாத்தறதுக்கும் இது உதவும்னு பல ஆய்வுகள் காட்டியிருக்கு. புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தா, எந்தப் பயிற்சி பாதுகாப்பானதுன்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

மூணாவது, உடம்புச் சூட்டையும் தூக்கத்தையும் டாக்டர்கிட்ட தனியா சொல்றது. "கொஞ்சம் வேர்க்குது"ன்னு சொல்லிட்டு வந்துடாதீங்க. ராத்திரி எத்தனை தடவை எழுந்தார்னு எண்ணிட்டுப் போங்க. இதுக்கு மருந்து இருக்கு. வென்லாஃபாக்சின் மாதிரி சில மாத்திரைகள் சூட்டையும் குறைக்கும், மனச்சோர்வுக்கும் கொடுக்கறதுதான்.

நாலாவது, கேள்வி கேக்கறது. ஊசி ஆறு மாசமா, ரெண்டு வருஷமா, வாழ்க்கை முழுக்கவா? நடுவுல இடைவெளி விடற முறை இவருக்குப் பொருந்துமா? முன்னாடி எப்பவாவது மனச்சோர்வு இருந்திருந்தா அதை முதல் நாளே சொல்லணும். ஊசியை நாமளா நிறுத்தவே கூடாது. டாக்டர் நிறுத்தின பிறகும் டெஸ்டோஸ்டிரோன் ஒரே நாள்ல திரும்பாது. மாசக்கணக்குல ஆகும். வயசானவங்களுக்கு, நீண்ட நாள் ஊசி போட்டவங்களுக்கு முழுசா திரும்பாமலும் போகலாம்.

அஞ்சாவது, எல்லையைத் தெரிஞ்சுக்கறது. சட்டுனு அழுதுட்டு அஞ்சு நிமிஷத்துல பேப்பர் படிக்கப் போயிட்டார்னா அது ஒண்ணு. ரெண்டு வாரமா எதுலயும் பிடிப்பு இல்லாம, சாப்பிடாம, "நான் இருந்து என்ன ஆகப்போகுது"ன்னு சொன்னா அது வேற. அதைச் சும்மா புலம்பல்னு விடாதீங்க. அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க. 14416-ங்கற டெலி மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயும் பேசுவாங்க, காசு கிடையாது.

பெரியம்மாகிட்ட சொன்னது

இதையெல்லாம் படிச்சுட்டு அந்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனேன். பெரியப்பா, பெரியம்மா ரெண்டு பேரையும் உக்கார வச்சேன். தாம்பத்தியம்ங்கற வார்த்தையை அவங்க முன்னாடி சொல்றதுக்குள்ள எனக்கு வேர்த்துடுச்சு. தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னேன், "பெரியம்மா, அவர் ஒதுங்கறது உங்க மேல வெறுப்பால இல்ல. ஆசையை அந்த ஊசி நிறுத்தி வச்சிருக்கு. பாசத்தை இல்ல."

பெரியம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம், "உடம்பு கொதிக்கறது, தூக்கம் போறது, காரணமே இல்லாம அழுகை வர்றது. அட, எனக்கு அம்பது வயசுல வந்ததே, அதுவா?"ன்னு கேட்டாங்க. பெரியப்பா தலையைத் தூக்கிப் பார்த்து, "உனக்கும் வந்துச்சா? சொல்லவே இல்லையே"ன்னார். "நீங்க எப்ப கேட்டீங்க?"ன்னாங்க.

நான் எழுந்து டீ போடப் போயிட்டேன். டீயோட வரும்போது ரெண்டு பேரும் பேசிட்டுத்தான் இருந்தாங்க.

அழுகை நிக்கல. இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல ஊசி பாக்கி இருக்கு. ஆனா இப்போ கண்ணு கலங்கினா பெரியப்பாவே, "ஊசி வேலை செய்யுது"ன்னு சொல்லிட்டுத் துண்டால துடைச்சுக்கறார். தட்டைத் தள்ளின நாள்ல அவரே எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்துட்டு வர்றார்.

உங்க வீட்டுல யாருக்காவது இந்த ஊசி ஆரம்பிக்கப் போறாங்கன்னா, இந்த எபிசோடை அவருக்கு மட்டும் அனுப்பாதீங்க. அவர் பக்கத்துல இருக்கறவங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.