உறங்கும் மலையின் உயரம்

சுமத்ராவின் தோபா மீண்டும் வெடித்துப் பேராக் முழுவதையும் சாம்பலில் புதைக்கப் போகிறது என்று கைப்பேசிகளில் உலவும் செய்தியைக் கண்டு கலங்கிய தாப்பா வாசகர் ஒருவர், அது மெய்தானா என்று வினவியிருக்கிறார். முன்னொரு காலத்தில் சாம்பல் விழுந்தது மெய். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் தோபா கக்கிய சாம்பலை லெங்கோங் பள்ளத்தாக்கின் கோத்தா தம்பானில் இன்றும் காணலாம். ஆனால் அப்படியொரு பிரளயம் நாளை நேரும் என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை. நாம் அஞ்ச வேண்டியது, தோபாவின் அயலிலே காய்கறித் தோட்டங்களும் கிராமங்களும் சூழ நிற்கும் சினாபுங் மலையை.

1600-க்குப் பின் வெடித்ததாகப் பதிவில்லாத காரணத்தால் இந்தோனேசிய அரசின் அட்டவணையில் அது இரண்டாந்தர எரிமலையாகக் கிடந்தது. 2010 ஆகஸ்டில் வெடித்த பிறகே முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டுக் கருவிகளைப் பெற்றது. 2014 பிப்ரவரி முதல் தேதி அதன் சரிவில் பாய்ந்த அனல்மேகம் பத்துப் பேருக்கு மேல் பலி கொண்டது.

எனினும் அந்த மலை முன்னறிவிப்பின்றி எழுந்ததன்று. வெடிப்புக்கு முந்திய ஆண்டுகளில் ஜப்பானின் ‘அலோஸ்’ செயற்கைக்கோள் பதிவுசெய்த ராடார் படங்களை ஆராய்ந்து சோசார், அமெலுங் என்னும் இருவர் 2012-இல் வெளியிட்ட முடிவின்படி, சினாபுங் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்துகொண்டிருந்தது. எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டரைக் காண்பதெப்படி? நிலத்தில் பட்டுத் திரும்பும் ராடார் அலை, தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருந்தது என்பதைக் குறித்துவைத்து, செயற்கைக்கோள் மறுமுறை அதே இடத்துக்கு மேலே வரும்போது பதிவாகும் நிலையுடன் ஒப்பிட்டால், நிலம் நகர்ந்த அளவு வித்தியாசமாக வெளிப்படும். இதில் என்னை வியக்க வைக்கும் சூட்சுமம் அலையின் நீளந்தான்: குறுகிய அலைகள் காற்றுக்கு அசையும் இலைகளிலேயே பட்டுச் சிதறிக் கணக்கைக் குலைத்துவிட, அலோஸின் 23 சென்டிமீட்டர் அலையோ நம் பால்மரக் காடுபோன்ற அடர்ந்த தழைகளுக்கூடேயும் பெரிதும் ஊடுருவித் தரையைத் தொட்டு மீண்டது.

உயரம் மட்டும் போதாது என்பதைச் சப்பாத்தி சுடுவோர் அறிவார்கள். ஆவி உள்ளே தங்கினால் அது உப்பும்; எங்கேனும் கிழிசல் இருந்தால் ஆவி கசிந்து தட்டையாகவே கிடக்கும்; கிழிசல் ஒட்டிக்கொண்டால் திடீரென எழும்பும்; ஓரத்தைக் கரண்டியால் அமுக்கினால் மறு ஓரம் புடைக்கும், 1980-இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலைக்கு வடபுறம் மட்டும் புடைத்தது போல. ஆகவேதான் கசியும் வாயுவையும் அளக்கிறார்கள். பல நூற்றாண்டுகள் சாந்தமாயிருந்த பிலிப்பைன்ஸின் பினாட்டுபோவில் 1991 மே மாதத்தின் இரண்டே வாரங்களில் கந்தக டையாக்சைடு நாளொன்றுக்கு 500 டன்னிலிருந்து 5,000 டன்னாகப் பெருகி, ஜூன் தொடக்கத்தில் சட்டெனக் குறைந்தது. அதைத் தணிவென்று கொள்ளாமல் அடைப்பென்று அஞ்சியவர்கள் சுற்றுப்புற மக்களை வெளியேற்றினார்கள். ஜூன் 15-இல் மலை வெடித்தது.

உப்பிய மலையெல்லாம் வெடித்துவிடும் என்றும் கொள்ளலாகாது. அதே 2012 ஆய்வில் உயர்ந்ததாகக் கண்ட ஜாவாவின் லாவு மலை அதன்பின்னும் அடங்கியே இருக்கிறது. பரபரப்புச் செய்தி பரப்புவோர் இதைச் சொல்வதில்லை. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ‘நிசார்’ செயற்கைக்கோள் அதே போன்ற நீண்ட அலையுடன் பன்னிரண்டு நாளுக்கொரு முறை அதே பாதைக்குத் திரும்புகிறது. படங்களுக்கு இனிப் பஞ்சமில்லை. சினாபுங்கின் படங்கள் வெடிப்புக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தும் அவற்றின் முடிவு வெளிவர 2012 ஆயிற்றே, அந்தத் தாமதத்தைப் போக்க ஆட்களை நியமிப்பதுதான் பாக்கி.